கத்தரித்த கோடுகளின் கணக்கு: வலைப்பின்னல் மாதிரிகளில் வெட்டலும் மீட்டலும்

மனச்சோர்வு பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒன்றை இன்று விரித்தால், அட்டவணைகளுக்கு நடுவே ஒரு வலைப்பின்னல் படம் இருப்பது வழக்கமாகிவிட்டது. தூக்கமின்மை, சோர்வு, குற்றவுணர்வு, ஆர்வமிழப்பு என ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு வட்டம். வட்டங்களுக்கிடையே தடித்தும் மெலிந்தும் கோடுகள். கோடு இருக்கும் இடத்தில் இரண்டு அறிகுறிகள் நேரடியாகத் தொடர்புடையவை என்றும், இல்லாத இடத்தில் அப்படித் தொடர்பு ஏதும் இல்லை என்றும் வாசகர் எடுத்துக்கொள்கிறார். முதல் முடிவுக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. இரண்டாவதற்குப் பெரும்பாலும் இல்லை. அந்த வெற்றிடங்களில் பெரும்பகுதி, தரவு பேசியதால் உண்டானதல்ல. மென்பொருளில் ஒரு கட்டளை கோடுகளை வெட்டியதால் உண்டானது. வெட்டிய கோட்டை இல்லாத கோடாக வாசிப்பதுதான் இந்தத் துறையின் இன்றைய பெரிய பிழை என்பதும், வெட்டியதை மீட்கும் படி அந்தப் பிழையைக் குறைக்குமே தவிரப் போக்காது என்பதும் என் வாதம்.

இந்த மாதிரிகளின் கணித வேர் பழையது. பல மாறிகளின் உடன்மாறல் அணியைத் தலைகீழாக்கினால், அதன் ஒவ்வோர் உறுப்பும் மற்ற எல்லா மாறிகளையும் நிலைநிறுத்திய பிறகு இரண்டு மாறிகளுக்கிடையே எஞ்சும் தொடர்பைச் சொல்லும். இதைப் பகுதி ஒட்டுறவு என்கிறோம். 1972இல் ஆர்தர் டெம்ப்ஸ்டர், அந்தத் தலைகீழ் அணியில் சிறிய உறுப்புகளைப் பூஜ்யமாக்கிவிட்டால் மதிப்பிட வேண்டிய எண்கள் குறையும், மதிப்பீடும் உறுதிப்படும் என்று காட்டினார். சில ஆண்டுகளில் நன்னி வெர்முத், முழு மாதிரியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கோடாக நீக்கிப்போகும் தேடலை எழுதினார். டேவிட் எட்வர்ட்ஸ் இத்தகைய தேடல்களுக்கென்றே மிம் என்ற மென்பொருளை உருவாக்கினார். அப்போது இது புள்ளியியலாளர்களின் கருவி. உளவியலுக்கு அது வந்து சேர்ந்த வழி ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகம். நுண்ணறிவு என்பது மறைந்திருக்கும் ஒரே ஆற்றல் அல்ல, ஒன்றையொன்று வளர்க்கும் திறன்களின் கூட்டு என்று ஹான் வான் டெர் மாஸும் உடனாய்வாளர்களும் 2006இல் எழுதினார்கள். 2010இல் ஆங்கெலிக் கிராமர், டென்னி போர்ஸ்போம் முதலானோர் அதே கருத்தை மனநோய்க்குக் கொண்டுவந்தார்கள்: மனச்சோர்வு என்ற நோய் உள்ளே இருந்து அறிகுறிகளை உண்டாக்குவதில்லை, அறிகுறிகள் ஒன்றையொன்று தூண்டும் வலைதான் நோய். 2012இல் சாஷா எப்ஸ்காம்பின் கியூகிராஃப் தொகுப்பை விளக்கும் கட்டுரை வெளிவந்தபின், ஆர் நிரல்மொழி அறிந்த யாரும் அந்த வலையை ஒரே வரியில் வரைய முடிந்தது.

வரைவதற்கு முன் வெட்ட வேண்டும். இருபது கேள்விகள் கொண்ட வினாப்பட்டியலில் 190 இணைகள் உண்டு; உண்மையான தரவில் எந்தப் பகுதி ஒட்டுறவும் மிகச்சரியாகப் பூஜ்யமாக வராது; ஆகவே 190 கோடுகளும் வரும். இதைக் குறைக்க இரண்டு வழிகள் பரவின. ஒன்று கிளாசோ. ஃப்ரீட்மன், ஹேஸ்டி, டிப்ஷிரானி மூவரும் 2008இல் தந்த இந்த முறை, மதிப்பீட்டின்போதே எல்லா எண்களையும் பூஜ்யத்தை நோக்கி அமுக்கி, சிறியவற்றைப் பூஜ்யமாகவே ஆக்கிவிடும். மாறிகளின் எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கையை மிஞ்சும் மரபணுத் தரவு போன்ற இடங்களில் இதன் பயன் பெரிது. உளவியலில் நிலைமை மறுதலை: இருபது கேள்விகள், சில நூறு பேர். டொனால்ட் வில்லியம்ஸும் ஃபிலிப் ராஸ்ட்டும் இதைச் சுட்டிக்காட்டி, இத்தகைய தரவில் கிளாசோ பொய்க் கோடுகளைக் கட்டுக்குள் வைக்கத் தவறுகிறது என்று நிறுவிய பிறகு, அமுக்காமல் மதிப்பிட்டு அதன்பின் வெட்டும் பழைய வழி மறுபடி மதிப்புப் பெற்றது. எப்ஸ்காம்பின் சைக்கோநெட்ரிக்ஸ் தொகுப்பில் அதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு. ‘புரூன்’ முழு மாதிரியில் மிகைகாண் சோதனையில் தேறாத கோடுகளைப் பூஜ்யமாக்கி மாதிரியை மீண்டும் பொருத்தும். ‘ஸ்டெப்அப்’ அப்படி வெட்டியவற்றில் எதைத் திரும்பச் சேர்த்தால் பொருத்தம் அதிகம் மேம்படும் என்று பார்த்து, பி.ஐ.சி. என்ற அளவுகோல் மேம்பட்டுக்கொண்டிருக்கும்வரை ஒவ்வொன்றாகச் சேர்க்கும்.

வெட்டுவதற்கு நியாயமான காரணம் இல்லாமல் இல்லை. அதை முதலில் ஒப்புக்கொண்டால்தான் மேற்கொண்டு பேச முடியும். 400 பேரிடமிருந்து 190 எண்களை மதிப்பிடும்போது ஒவ்வொன்றிலும் தற்செயலின் கலப்பு இருக்கும். உண்மையிலேயே பூஜ்யமான சிலவற்றைப் பூஜ்யமென்று நிலைநிறுத்தினால், மற்றவற்றை மதிப்பிடத் தரவு கூடுதலாக மிஞ்சும், அவற்றின் திட்டப்பிழை குறையும். டெம்ப்ஸ்டரின் ஆதாயக் கணக்கு இன்றும் செல்லும். ஆனால் அந்த ஆதாயம் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது: பூஜ்யமாக்கியவை உண்மையிலேயே பூஜ்யமாகவோ அதற்கு மிக அருகிலோ இருக்க வேண்டும். நிபந்தனை நிறைவேறியதா என்பதை வெட்டும் சோதனை நமக்குச் சொல்வதில்லை. ‘இது பூஜ்யமல்ல என்று உறுதியாகச் சொல்ல இந்தத் தரவு போதவில்லை’ என்பதோடு அது நின்றுவிடுகிறது. படம் அதைத் தாண்டிப் போகிறது.

எவ்வளவு தூரம் தாண்டுகிறது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். இருபது கேள்விகள், சுமார் 420 பேர். இரண்டு அறிகுறிகளுக்கிடையே உண்மையான பகுதி ஒட்டுறவு 0.10 என்று வைத்துக்கொள்வோம். அறிகுறி வலைகளில் இது அரிய அளவல்ல. இந்த எண்ணிக்கையில் மதிப்பீட்டின் திட்டப்பிழை ஏறக்குறைய 0.05. மிகைகாண் நிலை 0.01 என்றால், மதிப்பீடு 0.129ஐத் தாண்டினால்தான் கோடு பிழைக்கும். அது தாண்டுவதற்கான நிகழ்தகவு 28 சதவீதம். நூற்றுக்கு எழுபத்திரண்டு முறை, இருக்கின்ற ஒரு தொடர்பு படத்தில் இல்லாமல் போகிறது. இரண்டு ஆய்வுக்குழுக்கள் ஒரே மக்களிடமிருந்து தனித்தனியாக 420 பேரை எடுத்து, ஒரே கட்டளையை ஓட்டினால், இரண்டு குழுவும் அந்தக் கோட்டைக் காண்பதற்கான வாய்ப்பு 8 சதவீதம்; ஒரு குழு மட்டும் காண்பதற்கான வாய்ப்பு 40 சதவீதம். யாரும் தவறு செய்யவில்லை, மக்களும் மாறவில்லை, ஆனாலும் பத்தில் நான்கு முறை இரு கட்டுரைகளும் அந்தக் கோட்டில் முரண்படும். இந்தக் கோட்டை 80 சதவீத வாய்ப்போடு காண வேண்டுமானால் சுமார் 1,200 பேர் வேண்டும். தொடர்பு 0.05 என்றால் தேவை 4,700ஐ ஒட்டிப் போகும்.

பிழைத்த கோடுகளுக்கும் ஒரு சேதம் உண்டு, அது இன்னும் கண்ணுக்குத் தெரியாதது. மேற்படி 0.10 தொடர்பு தற்செயலாக 0.129ஐத் தாண்டிய தடவைகளை மட்டும் எடுத்துச் சராசரி பார்த்தால் அது 0.16 வருகிறது. வடிகட்டியில் தேறியவை பெருத்துத்தான் தேறுகின்றன. பிறகு அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் மிகைகாண் மதிப்பு எழுதும்போது, வடிகட்டல் நடந்ததே அந்த மதிப்புக்குத் தெரியாது. 1983இல் டேவிட் ஃப்ரீட்மன் இதைப் பின்னடைவுச் சமன்பாடுகளில் மறக்க முடியாதபடி நிரூபித்தார். 100 வரிசைகளும் 51 நிரல்களும் கொண்ட, முற்றிலும் தற்செயலான எண்களை உருவாக்கி, கடைசி நிரலை மற்ற ஐம்பதால் விளக்க முயன்றார். முதல் சுற்றில் 25 சதவீத நிலையில் தேறிய 15 மாறிகளை மட்டும் வைத்துக்கொண்டு மறுபடி பொருத்தினார். இரண்டாம் சுற்றில் அந்தப் பதினைந்தில் 6 மாறிகள் 5 சதவீத நிலையில் மிகைகாண் தன்மை பெற்றன. சமன்பாடு மொத்தமும் மிக உறுதியான ஒன்றாகத் தோன்றியது. எண்களுக்குள் ஒரு துளி உண்மையும் இல்லை. ஒரே தரவை வெட்டவும், வெட்டியபின் மிஞ்சியதற்குச் சான்று சொல்லவும் பயன்படுத்தினால் இதுதான் நடக்கும். வலைப்பின்னல் மாதிரிகளில் ஒரு சமன்பாட்டுக்குப் பதில் இருபது சமன்பாடுகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கிடக்கின்றன என்பதே வேறுபாடு.

மீட்டலின் தேவை இங்கிருந்து தொடங்குகிறது. ஒரு கோட்டை வெட்டுவது அந்த இடத்தை மட்டும் பாதித்தால் கவலை குறைவு. அப்படி அது நிற்பதில்லை. 300 பேர், மூன்று அறிகுறிகள்: தூக்கமின்மை, சோர்வு, கவனக்குறைவு. தூக்கமின்மைக்கும் சோர்வுக்கும் ஒட்டுறவு 0.5, சோர்வுக்கும் கவனக்குறைவுக்கும் 0.5, தூக்கமின்மைக்கும் கவனக்குறைவுக்கும் 0.35. சோர்வை நிலைநிறுத்தினால் கடைசி இணையின் பகுதி ஒட்டுறவு 0.13. 0.01 நிலையில் அது தேறாது, வெட்டப்படும். வெட்டிய பிறகு மாதிரியைப் பொருத்தினால், அதுவரை 0.40 ஆக இருந்த மற்ற இரு கோடுகளும் 0.45க்கு ஏறுகின்றன. வெட்டுண்ட தொடர்பின் சுமையை அண்டைக் கோடுகள் வாங்கிக்கொண்டன. தூக்கமின்மை கவனத்தைக் கெடுப்பது முழுக்க முழுக்கச் சோர்வின் வழியாகத்தான் என்று படம் இப்போது சொல்கிறது. அதே 0.13 தற்செயலாக வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டே, 0.05 நிலையை வைத்திருந்தால் கோடு நின்றிருக்கும். சோர்வு எல்லாவற்றுக்கும் நடுவே நிற்கும் வாயில் என்ற விளக்கம், ஆய்வாளர் கட்டளையில் எழுதிய ஒரு தசம எண்ணிலிருந்து பிறந்திருக்கிறது.

பெரிய வலையில் நிலைமை இன்னும் சிக்கல், ஆனால் மீட்க இடமும் அங்கேதான் இருக்கிறது. முதல் வெட்டு நடக்கும்போது எல்லாக் கோடுகளும் முழு மாதிரியின் கூடுதலான திட்டப்பிழையை வைத்தே தீர்ப்புப் பெறுகின்றன. நூறு கோடுகள் போன பிறகு திட்டப்பிழைகள் சுருங்குகின்றன; முன்பு மயிரிழையில் தவறிய கோடு இப்போது தேறக்கூடும். தவிர, தவறாக வெட்டிய கோடு ஒரு தடயம் விட்டுச் செல்கிறது: மாதிரி கணிக்கும் ஒட்டுறவுக்கும் தரவில் உள்ள ஒட்டுறவுக்கும் அந்த இடத்தில் இடைவெளி விழும். அந்த இடைவெளியைத் திருத்தக் குறியீடு என்ற எண்ணால் அளந்து, பெரியதை முதலில் மீட்பதுதான் ‘ஸ்டெப்அப்’ செய்யும் வேலை. வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளும் ஆய்வைவிட வெட்டி மீட்கும் ஆய்வு உறுதியாக மேலானது. முதல் தீர்ப்பு கூடாத நேரத்தில் வழங்கப்பட்டது என்பதை அது ஒப்புக்கொள்கிறது. மீட்டலை விருப்பத்துக்கு விட்ட படியாக நடத்துவதை நான் ஏற்கவில்லை.

ஆனால் மீட்டலை மருந்தாகவே கொள்வோரும் இருக்கிறார்கள். ‘தவறாக வெட்டியதைத் திருத்தக் குறியீடு காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே இறுதி மாதிரி நம்பத்தக்கது’ என்பது அவர்கள் வாதம். இதற்கு முன்னனுபவம் இருக்கிறது. கட்டமைப்புச் சமன்பாட்டு மாதிரிகளில் திருத்தக் குறியீட்டைப் பின்பற்றி மாதிரியைச் சீர்செய்யும் பழக்கம் எண்பதுகளில் வேரூன்றியது. 1992இல் ராபர்ட் மக்கலமும் உடனாய்வாளர்களும், பெரிய தரவுத்தொகுதிகளிலிருந்து சிறு தொகுதிகளைத் திரும்பத் திரும்ப எடுத்து, ஒவ்வொன்றிலும் அந்தத் தேடலை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரு தொகுதி சொன்ன திருத்தங்கள் அடுத்ததில் திரும்ப வரவில்லை. தற்செயலின் மேல் கட்டடம் எழுப்பும் பழக்கம் என்று அந்தக் கட்டுரை கடுமையாகவே எச்சரித்தது. மீட்டலும் அதே தரவைத்தான் பார்க்கிறது; வெட்டச் சொன்ன தற்செயல்தான் மீட்கவும் சொல்கிறது. தேடும் வெளியும் மிகப் பெரிது: 190 கோடுகளை வைத்தும் எடுத்தும் உண்டாக்கத்தக்க மாதிரிகள் 1-க்குப் பின் 57 பூஜ்யங்கள் இட்ட எண்ணையும் தாண்டும். ஒவ்வொரு படியிலும் அப்போதைக்குச் சிறந்ததை எடுத்துப்போகும் தேடல் இவற்றில் சில நூறைத் தொட்டுச் செல்கிறது. எங்கே தொடங்கினோம், எதை முதலில் வெட்டினோம் என்பதைப் பொறுத்துப் போய்ச்சேரும் இடமும் மாறும். மேலே சொன்ன மூன்று அறிகுறி எடுத்துக்காட்டில் மீட்டலுக்கு எந்தப் பலனும் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்: 0.13 கோட்டைத் திரும்பச் சேர்த்தால் பொருத்தம் 5.4 அளவுக்கு மேம்படுகிறது, பி.ஐ.சி. கேட்பது 5.7. வெட்டும் சோதனையும் மீட்கும் அளவுகோலும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் வேலி போட்டிருக்கின்றன.

பி.ஐ.சி. குறித்த எதிர்வாதம் வலுவானது, தட்டிக்கழிக்கக் கூடாதது. தரவு பெருகப் பெருக அது சரியான மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் என்பதற்குக் கணித நிறுவல் இருக்கிறது. கிளாசோவோடு சேர்த்துப் பயன்படும் அதன் விரிவுக்கும் அத்தகைய நிறுவல் உண்டு. நான் நிறுவலை மறுக்கவில்லை, அதன் எல்லையைச் சொல்கிறேன். தரவு முடிவின்றிப் பெருகும்போது என்ன நடக்கும் என்பதையே அது பேசுகிறது. 400 பேர் உள்ள ஆய்வில், சிறிய ஆனால் உண்மையான தொடர்புகள் அளவுகோலின் வேலிக்குக் கீழேயே கிடக்கின்றன, நிறுவல் அவற்றைக் காப்பாற்றாது. ஹான்னஸ் லீபும் பெனடிக்ட் பாட்ஷரும் 2005இல் காட்டியது இதைவிடக் கடினமானது: தேர்வுக்குப் பின் வரும் மதிப்பீட்டின் பரவல், பூஜ்யத்துக்கு அருகிலுள்ள எண்களைப் பொறுத்து வெகுவாக மாறக்கூடியது, அந்தப் பரவலை எல்லாச் சூழலிலும் சீராக மதிப்பிடுவது இயலாது. பூஜ்யத்துக்கு அருகில் என்பது உளவியல் வலைகளில் விதிவிலக்கான மூலை அல்ல, பெரும்பாலான கோடுகள் வாழும் இடமே அது.

இன்னொரு எதிர்வாதம் இயற்கையைத் துணைக்கு அழைக்கிறது. எல்லாம் எல்லாவற்றோடும் தொடர்புடையதாக இருக்க முடியாது; உண்மையான வலை ஐதானது; ஆகவே சந்தேகம் வந்தால் வெட்டுவதே சரி என்பது அதன் சாரம். சில துறைகளில் இது சரி. உளவியலில் இதை முன்கூட்டியே எடுத்துக்கொள்ள முடியாது. வலைக்கோட்பாட்டின் எதிரணி சொல்வதே இதற்கு மாறானது. பத்துக் கேள்விகளுக்கும் பின்னால் ஒரே மறைகாரணி இருந்து, ஒவ்வொன்றும் அதோடு 0.6 அளவுக்குத் தொடர்புற்றிருக்கிறது என்று கொள்வோம். எந்த இணைக்கும் ஒட்டுறவு 0.36, எந்த இணைக்கும் பகுதி ஒட்டுறவு 0.093. 45 கோடுகளும் உண்மை, 45-உம் சமம். இந்த மக்களிடமிருந்து சுமார் 410 பேரை எடுத்து 0.01 நிலையில் வெட்டினால், பதினொன்று போல மிஞ்சும். எந்தப் பதினொன்று என்பது முழுக்கத் தற்செயல். மீட்டல் இன்னும் பலவற்றைத் திரும்பக் கொண்டுவரும், அவை எவை என்பதும் தற்செயல். இறுதியில் வரும் படத்தில் சில வட்டங்கள் நடுவிலும் சில ஓரத்திலும் நிற்கும். ‘மையமான அறிகுறி’ என்று ஒன்று தோன்றும். தரவை உண்டாக்கிய உலகில் மையமும் இல்லை, ஓரமும் இல்லை. எப்ஸ்காம்ப், க்ரூயிஸ், மார்ஸ்மன் மூவரும் 2017இல் இந்த ஆபத்தைத் தாமே விரிவாக எழுதினார்கள்: ஐதான வலையைத் தேடும் முறை ஐதான வலையைத்தான் கண்டுபிடிக்கும். தம் துறையின் கருவியைத் தாமே இப்படிச் சோதித்த நேர்மை மதிக்கத்தக்கது. அந்த எச்சரிக்கை படங்களுக்குக் கீழே உள்ள விளக்கங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

அதே ஆண்டில் மிரியம் ஃபோர்ப்ஸும் மூன்று உடனாய்வாளர்களும், அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த இரு தேசிய மனநல ஆய்வுகளின் தரவை வைத்து, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் அறிகுறி வலைகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திரும்ப வருவது குறைவு என்று முடிவுகட்டினார்கள். போர்ஸ்போம் அணி அதே தரவை மறு ஆய்வு செய்து, வலைகள் நன்றாகவே ஒத்துப்போகின்றன என்று மறுத்தது. இரு தரப்பும் ஒரே எண்களைப் பார்த்து எதிரெதிர் முடிவுக்கு வந்ததற்கு, அணிச்சார்பைவிட ஆழமான காரணம் இருக்கிறது. ஒரு தரப்பு ஒவ்வொரு கோட்டையும் இருக்கிறதா இல்லையா என்று கேட்டது. மறுதரப்பு கோடுகளின் எடைகள் மொத்தமாக எப்படி ஒத்துப்போகின்றன என்று கேட்டது. 2018இல் ஐகோ ஃப்ரீட் தலைமையில், அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சலுக்குச் சிகிச்சை நாடியவர்களின் நான்கு தொகுதிகள், மொத்தம் 2,782 பேர், 16 அறிகுறிகள் என ஒப்பிட்டபோது, வலை அமைப்புகளுக்கிடையே ஒட்டுறவு 0.62 முதல் 0.74 வரை வந்தது. பண்பாடும் அதிர்ச்சியின் வகையும் வேறுபட்ட தொகுதிகளுக்கு இது மோசமான ஒற்றுமை இல்லை. ஆனால் இந்த ஒற்றுமையின் பெரும்பங்கு சில வலுவான கோடுகளிலிருந்து வருவது. கட்டுரைகள் முடிவுரையில் பேசுவதோ பலவீனமான கோடுகளைப் பற்றி: இரு நோய்களை இணைக்கும் பாலம், ஓர் அறிகுறியின் தனித்த நிலை, இரண்டு குழுக்களுக்கிடையே காணாமற்போன இணைப்பு. மொத்த ஒற்றுமையைக் காட்டித் தனிக்கோட்டின் மேல் உரிமை கோர முடியாது.

தனிக்கோடுகளுக்கு எவ்வளவு சான்று இருக்கிறது என்ற கேள்விக்கு நேரடியான விடை அண்மையில்தான் கிடைத்தது. காரோலின் ஹூத், மார்ட்டன் மார்ஸ்மன் முதலானோர் 126 கட்டுரைகளில் வெளியான 293 வலைகளைப் பேயீசிய முறையில் மறு ஆய்வு செய்தார்கள். இந்த முறையில் ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று விடைகள் சாத்தியம்: இருக்கிறது என்பதற்குச் சான்று, இல்லை என்பதற்குச் சான்று, எதற்கும் சான்று போதாது. மூன்றில் ஒரு பங்குக் கோடுகள் மூன்றாம் வகையில் விழுந்தன. ஏறக்குறையப் பாதிக்குக் கிடைத்தது பலவீனமான சான்று. உறுதியான சான்று பெற்றவை 20 சதவீதத்துக்கும் குறைவு. கத்தரிக்கும் முறையில் மூன்றாம் வகைக்கு இடமே இல்லை. முடிவு தெரியாத கோட்டை அது இல்லாத கோட்டோடு சேர்த்துப் புதைத்துவிடுகிறது. என் வாதத்துக்கு இதைவிட நேரான ஆதாரம் நான் காணவில்லை. பேயீசிய முறைக்கும் அதன் சொந்தக் கேள்விகள் உண்டு, முன் நம்பிக்கையின் பரவலை எப்படி வைப்பது என்பது அவற்றில் முதன்மையானது. விடை அதைப் பொறுத்து நகரும். ஆனாலும் ‘தெரியவில்லை’ என்று சொல்லத் தெரிந்த முறை, அதைச் சொல்லத் தெரியாத முறையைவிட நேர்மையானது.

190 கோடுகள் உள்ள படத்தை யாரால் வாசிக்க முடியும் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஆனால் அது வரைபடத்தைப் பற்றியது, மாதிரியைப் பற்றியதல்ல. கியூகிராஃபிலேயே, ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழுள்ள கோடுகளை வரையாமல் விடும் வசதி இருக்கிறது. மதிப்பீட்டில் அவை அப்படியே இருக்கும், அண்டைக் கோடுகளின் எண்களும் மாறாது. வாசிப்பு எளிமைக்காக மாதிரியை வெட்டுவது, நிலப்படத்தில் சிற்றூர்களுக்கு இடமில்லை என்பதால் மக்கள்தொகைக் கணக்கிலிருந்தே அவற்றை நீக்குவது போன்றது. படத்தில் மறைக்கலாம், முழு மாதிரியின் எண்களைப் பின்னிணைப்பில் தரவேண்டும். வில்லியம்ஸ், ராஸ்ட் போன்றோர் அமுக்காத மதிப்பீட்டுக்கு வாதாடியபோது கிடைத்த பெரிய பயனும் இதுவே: ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நம்பக இடைவெளி தர முடிகிறது. 0.10 என்ற கோட்டுக்கு 0.00 முதல் 0.20 வரை என்று பக்கத்தில் எழுதியிருந்தால், வெட்டியிருந்தாலும் வெட்டாவிட்டாலும் வாசகர் ஏமாறமாட்டார்.

வெட்டவே கூடாது என்பது என் நிலை இல்லை. ஒரு தரவில் வெட்டி மீட்டு எட்டிய அமைப்பை வேறொரு தரவில் அப்படியே வைத்துச் சோதிப்பதானால், வெட்டல் கருதுகோளை உருவாக்கும் வேலையாகிறது, அந்த வேலைக்கு அது மிகப் பொருத்தமானது. கீஸ்-யான் கான் முதலானோர் 2020இல் இதைச் செய்து காட்டினார்கள்: 15 துணைத் தேர்வுகள் கொண்ட வெக்ஸ்லர் நுண்ணறிவுத் தேர்வின் அமெரிக்கத் தரவில் வலையைப் பெற்று, அதே அமைப்பை ஹங்கேரியத் தரவில் பொருத்தி, மறைகாரணி மாதிரிகளோடு ஒப்பிட்டார்கள். அங்கே பொருந்தாமல் போகும் வாய்ப்பு அந்த வலைக்கு உண்மையாகவே இருந்தது, ஆகவே பொருந்தியதற்குப் பொருள் உண்டு. இரண்டாம் தரவு எல்லோருக்கும் வாய்க்காது, உள்ளதைப் பாதியாகப் பிரித்தால் திறன் இன்னும் குறையும் என்பது சரியான மறுப்பு. அப்போது செய்யத்தக்கது, வெட்டலையும் மீட்டலையும் சேர்த்து முழுத் தேடலையும் மறுதேர்வுத் தரவுகளில் ஆயிரம் முறை ஓட்டி, ஒவ்வொரு கோடும் எத்தனை முறை பிழைத்தது என்று எழுதுவது. எப்ஸ்காம்ப், போர்ஸ்போம், ஃப்ரீட் மூவரும் 2018இல் விளக்கிய பூட்நெட் தொகுப்பு இதற்கு வழிசெய்கிறது. ஆயிரத்தில் 520 முறை பிழைத்த கோட்டையும் 990 முறை பிழைத்த கோட்டையும் ஒரே கறுப்பில் வரைவதற்கு இனிச் சாக்கு ஏதும் இல்லை.

இவ்வளவு கறார் ஏன் என்றால், இந்தப் படங்கள் மருத்துவ அறைக்குள் நுழையத் தொடங்கிவிட்டன. மையமான அறிகுறியைக் குறிவைத்தால் மற்றவை தானாக அடங்கும் என்ற யோசனை பல கட்டுரைகளின் முடிவுரையில் இருக்கிறது. மைய அளவுகள் அறிகுறி வலைகளுக்குப் பொருந்துமா என்றே லாரா பிரிங்மன் முதலானோர் 2019இல் கேள்வி எழுப்பியபின்னும் அது தொடர்கிறது. ஒரு வட்டத்தின் மையத்தன்மைக்கு வழக்கமான ஓர் அளவு, அதில் வந்துசேரும் கோடுகளுடைய எடைகளின் கூட்டுத்தொகை. எந்தக் கோடு வெட்டப்பட்டது, எது மீட்கப்பட்டது என்பதே அந்தத் தொகையைத் தீர்மானிக்கிறது. ஆகவே ஆய்விதழ்கள் கேட்க வேண்டியது சில எளிய விவரங்களை: வெட்டிய நிலை என்ன, அதை யார் எப்போது முடிவுசெய்தார்கள், வெட்டியவை எத்தனை, மீட்டவை எவை, எந்த வரிசையில், வெட்டும் முன் ஒவ்வொன்றின் எண்ணும் திட்டப்பிழையும் என்ன. இதற்குப் புதிய கருவி தேவையில்லை. சைக்கோநெட்ரிக்ஸ் தன் ஒவ்வொரு மாதிரியின் உள்ளேயும், அதன்மேல் நடந்த செயல்களை நேரத்தோடு பதிந்துவைக்கும் குறிப்பேடு ஒன்றை வைத்திருக்கிறது. ஒரே கட்டளையில் அது திரையில் விரியும். கட்டுரையோடு தரவும் நிரலும் கேட்கும் இதழ்கள், அந்தக் குறிப்பேட்டையும் முழு மாதிரியின் அட்டவணையையும் சேர்த்துக் கேட்கத் தொடங்கினால், மதிப்பீட்டாளர் முதலில் பார்க்க வேண்டியது 0.05க்கும் 0.15க்கும் இடையே இருந்து வெட்டப்பட்ட கோடுகளின் பட்டியல்.